கோ-ஆப் கடையின் பணம் எந்தத் தொண்டு அமைப்புக்குப் போக வேண்டும்? உறுப்பினர் வாக்கெடுப்பை நியாயமாக நடத்த ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவில் உணவுக் கூட்டுறவுக் கடைகளில், அதாவது பேச்சில் கோ-ஆப் என்று சொல்லப்படும் கடைகளில், உறுப்பினராக இருக்கும் தமிழர்களை இப்போது பல ஊர்களில் பார்க்கலாம். பக்கத்துப் பண்ணைக் காய்கறி, வேண்டிய அளவுக்கு அள்ளி எடை போட்டுக்கொள்ளும் பருப்பு என்று போகத் தொடங்கி, பங்குத்தொகை கட்டி உறுப்பினராகி, ஒரு நாள் மின்னஞ்சலில் ஓட்டுச்சீட்டு வந்து நிற்கும்: உள்ளூர்த் தொண்டு அமைப்புகளில் எவற்றுக்கு நம் கடைப் பணம் போகலாம், தேர்ந்தெடுங்கள். பலரும் தெரிந்த பெயர் நாலைந்துக்கு டிக் போட்டுவிட்டு மூடிவிடுவார்கள். அந்தச் சீட்டை உருவாக்கும் குழுவில் உட்காரும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால், அல்லது உங்கள் கோ-ஆப்பில் இப்படி ஒன்றைத் தொடங்கலாமே என்று யோசித்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் பெயர் சீட்டில் ஏறுகிறது, விழுந்த ஓட்டை எப்படி எண்ணுகிறோம், இந்த இரண்டும்தான் பணம் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இவற்றை யோசிக்காமல் விட்டால், ஊரெல்லாம் பெயர் தெரிந்த பெரிய அமைப்புகளே வருடா வருடம் ஜெயிக்கும். ஒரு சர்ச் அடித்தளத்தில் வாரம் இரண்டு நாள் அரிசியும் பீன்ஸும் கொடுக்கும் சின்ன அமைப்பு பட்டியலின் அடியிலேயே கிடக்கும்.

கடை நடத்துகிறவர்கள் தொண்டு அமைப்புகளுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் உறுப்பினர் எப்போதும் ஒருவர் இருப்பார். நியாயமான கேள்விதான். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கடை திறந்த நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும், பத்தே ஆண்டுக்குள் உபரியில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கென்று ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் வழியைப் பார்த்துத்தான் நம் திருவல்லிக்கேணியில் 1904-இல் நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. 1995-இல் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் கடைசியானது சமூகத்தின் மீதான அக்கறை. அதனால் கொடுக்கலாமா என்பது பழைய கேள்வி, அதற்குப் பதிலும் எப்போதோ வந்துவிட்டது. யாருக்கு, யார் முடிவு செய்வது என்பதுதான் இன்னும் உயிரோடு இருக்கும் கேள்வி. மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸில் 1975-இல் கோ-ஆப் ஆட்கள், கடை யாருக்காக இருக்கிறது என்று சண்டை போட்டு, சரக்குக் கிடங்கையே ஒரு பிரிவினர் கைப்பற்றும் வரை போயிருக்கிறார்கள். இன்று அதே ஊரில் 1972-இல் தொடங்கிய சீவர்ட் கோ-ஆப், மாதாமாதம் எந்த அமைப்புக்குப் பணம் போக வேண்டும் என்பதை உறுப்பினர் ஓட்டுக்கு விடுகிறது. இது எனக்குப் பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது.

முதல் படி: பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இதைத் தெளிவாக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பணம் வரும் வழியைப் பொறுத்து விதிகள் மாறும்.

ரொம்பப் பரவலான வழி ரவுண்டு அப். பில் 43 டாலர் 37 சென்ட் வருகிறது. 44 ஆக்கிக்கொள்ளட்டுமா என்று காசாளர் கேட்கிறார். நீங்கள் சரி என்றால் அந்த 63 சென்ட் தொண்டுக்குப் போகிறது. எவ்வளவு சேரும் என்று முன்கூட்டியே கணிக்க ஒரு எளிய வழி உண்டு. சென்ட் தொகை சீராகப் பரவியிருந்தால் ஒரு தடவைக்குச் சராசரியாக அரை டாலர். நாளுக்கு 1,000 பில் போடும் கடையில் ஐந்தில் ஒருவர் சம்மதித்தால் நாளுக்கு 100 டாலர், மாதத்துக்கு 3,000 டாலர். உங்கள் கடையின் பில் எண்ணிக்கையை மேலாளரிடம் வாங்கி இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், விண்ணப்பிக்கும் அமைப்புகளுக்கு உருப்படியான ஒரு தொகையைச் சொல்ல முடியும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ரவுண்டு அப் பணம் வாடிக்கையாளரின் பணம். கடை அதை வருமானமாகக் காட்டக் கூடாது, தன் நன்கொடையாகச் சொல்லி வரிக்கழிவு கேட்கவும் கூடாது. கணக்கில் தனித் தலைப்பில், தொண்டு அமைப்புக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பாக நிற்க வேண்டும். இப்படிக் கடை வழியாகத் திரட்டுவதற்குச் சில மாநிலங்களில் பதிவு, ஒப்பந்தம் என்று விதிகள் இருக்கின்றன. தொடங்கும் முன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் தொண்டு அமைப்புப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, ஆண்டு லாபத்தில் உறுப்பினருக்கு அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திரும்பி வரும் பங்கு. பேட்ரனேஜ் ரீஃபண்ட் என்பார்கள். எட்டு டாலர், பதினோரு டாலர் என்று வரும் காசோலைகளைப் பலர் மாற்றுவதே இல்லை, ஊர் மாறிப் போனவர்களின் பங்குத்தொகையும் கேட்பாரற்றுக் கிடக்கும். பொதுவாக இப்படிப்பட்ட பணம் ஒரு காலக்கெடுவுக்குப் பிறகு மாநில அரசிடம் போகும். விஸ்கான்சின், மினசோட்டா போன்ற மாநிலங்களின் கூட்டுறவுச் சட்டங்கள், முறையாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு அதைத் தொண்டுக்குத் திருப்ப இடம் தருகின்றன. விஸ்கான்சினின் மேடிசன் நகரில் வில்லி ஸ்ட்ரீட் கோ-ஆப்பின் சமூக மறுமுதலீட்டு நிதி இப்படி வளர்ந்ததுதான். உங்கள் மாநிலச் சட்டத்தை வக்கீலிடம் காட்டிக் கேட்காமல் இதில் கை வைக்க வேண்டாம்.

மூன்றாவது, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் கொடுப்பது. கலிபோர்னியாவின் ட்வின் பைன்ஸ் கூட்டுறவு அறக்கட்டளை பல கோ-ஆப்களுக்காக இப்படி ஒரு சமூக நிதியை நிர்வகிக்கிறது. முதல் தொகை கூட்டுறவு வளர்ச்சிக்குக் கடனாகச் சுழல்கிறது, அதன் ஈட்டம் உள்ளூர் அமைப்புகளுக்கு வருகிறது. தொகை சின்னதாக இருக்கும், ஆனால் வருடம் தவறாது. பிரிட்டனில் வேறு மாதிரி: 2016-இல் அங்குள்ள கோ-ஆப் குழுமம், கடையின் சொந்தச் சரக்கை உறுப்பினர் வாங்கும்போது 5 சதவீதம் அவருக்கு, 1 சதவீதம் அவர் தேர்ந்தெடுக்கும் உள்ளூர்க் காரியத்துக்கு என்று தொடங்கியது. அந்த முறையில் ஒவ்வொரு கொள்முதலும் ஒரு சின்ன ஓட்டாக இருந்தது.

இரண்டாம் படி: யார் விண்ணப்பிக்கலாம் என்பதை விண்ணப்பம் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள்

வந்த பிறகு எழுதினால், யாரையோ மனதில் வைத்து எழுதியதாகத்தான் பேசுவார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தப் பகுதியில் சேவை செய்ய வேண்டும் (கடையிலிருந்து எத்தனை மைல், அல்லது எந்த மாவட்டம்), எந்தத் துறைகள், ஒரு முறை பெற்றவர் எத்தனை ஆண்டு கழித்து மறுபடி வரலாம், தேர்தல் பிரசாரத்துக்கும் மதப் பிரசாரத்துக்கும் பணம் கிடையாது என்பது போன்றவை.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஆண்டு வரவுசெலவுக்கு ஓர் உச்சவரம்பு. 40,000 டாலரில் ஓடும் அமைப்புக்கு 3,000 டாலர் என்பது ஒரு பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றுவது. நாற்பது லட்சம் டாலரில் ஓடும் அமைப்புக்கு அது கணக்கில் ஒரு வரி. வரம்பு ஐந்து லட்சமா பத்து லட்சமா என்று உங்கள் ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஆனால் ஏதோ ஒன்று வையுங்கள். முழு வரம்பு கடினமாகத் தோன்றினால் பாதி இடங்களையாவது சின்ன அமைப்புகளுக்கு ஒதுக்குங்கள்.

நெருங்கிய தொடர்பு உள்ளவர்கள் பற்றியும் இப்போதே எழுதிவிட வேண்டும். கடையின் நிர்வாகக் குழுவில் இருப்பவரோ, ஊழியரோ, தேர்வுக் குழு ஆளோ ஒரு அமைப்பின் நிர்வாகத்திலும் இருந்தால் அதைச் சொல்லிவிட்டு அந்த அமைப்பு பற்றிய பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். சின்ன ஊரில் எல்லோரும் எல்லாவற்றிலும் இருப்பார்கள், அதனால் தடை போட்டால் குழுவே நடக்காது. வெளிப்படையாகச் சொல்வது போதும்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் பல 501(சி)(3) பதிவு, அதாவது தொண்டு அமைப்புக்கான வரிவிலக்கு, பெற்றவை, எனவே விண்ணப்பிக்கத் தகுதி இருக்கலாம். ஆனால் ஊரில் திரட்டி இந்தியாவுக்கோ இலங்கைக்கோ அனுப்பும் திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளூர்ச் சேவை என்ற விதிக்குள் வராது. அதே சங்கம் கடைக்குப் பக்கத்தில் முதியோருக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறதா, புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவுகிறதா, அதை எழுதி அனுப்புங்கள்.

மூன்றாம் படி: விண்ணப்பத்தைச் சுருக்கமாக வையுங்கள்

இரண்டு பக்கம். என்ன செய்கிறீர்கள், யாருக்கு, இந்தப் பணம் வந்தால் எதற்குச் செலவாகும், யார் தொடர்பு. அவ்வளவுதான். பத்துப் பக்கப் படிவம் கேட்டால், விண்ணப்பம் எழுதவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் அமைப்புகள்தான் வரும். முடிந்தால் ஊரில் பேசப்படும் மற்ற மொழிகளிலும் படிவத்தை வையுங்கள், தொலைபேசியில் கேட்டு நிரப்பித் தரவும் ஓர் ஆளைச் சொல்லி வையுங்கள்.

நான்காம் படி: சரிபார்ப்பு

இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் பயப்படும் அளவுக்கு வேலையும் இல்லை. ஒரு அமைப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்-இன் இணையதளத்தில் வரிவிலக்கு அமைப்புகளைத் தேடும் பக்கம் இலவசம். அமைப்பின் பெயரைவிட அதன் ஒன்பது இலக்க வரி அடையாள எண்ணை (ஈஐஎன்) போட்டுத் தேடுவது நல்லது, ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய உண்டு. தொடர்ந்து மூன்று ஆண்டு கணக்குத் தாக்கல் செய்யாத அமைப்பின் விலக்கு தானாகவே ரத்தாகிவிடும், அந்தப் பட்டியலும் அங்கேயே இருக்கும். சர்ச், கோயில், மசூதி போன்றவை ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை, அதனால் அங்கே ஒன்றும் காணவில்லை என்றதும் சந்தேகப்படாதீர்கள்.

அப்புறம் அமைப்பு ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் கணக்கான படிவம் 990-ஐத் திறந்து பாருங்கள். முதல் பக்கமே போதும்: வரி 12 மொத்த வரவு, வரி 18 மொத்தச் செலவு, வரி 22 நிகரச் சொத்து. நிகரச் சொத்து பல ஆண்டுச் செலவுக்குச் சமமாக இருந்தால், இந்தச் சின்னத் தொகை இவர்களுக்கு எதற்கு என்று கேளுங்கள். செலவு வரவைவிடத் தொடர்ந்து அதிகமாக இருந்தால், அடுத்த வருடமும் இயங்குவார்களா என்று கேளுங்கள். நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து அடிக்காதீர்கள். இரண்டே ஆள் வைத்து நடக்கும் அமைப்பில் வாடகையும் தணிக்கைக் கட்டணமும் விகிதத்தை ஏற்றிக் காட்டும். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் அமைப்புகள் 990-என் என்ற மின் அட்டையை மட்டும் அனுப்பினால் போதும், அதில் நிதி விவரமே இருக்காது. அவர்களிடம் ஒரு பக்க வரவுசெலவை நேரே கேட்டு வாங்குங்கள்.

501(சி)(3) இல்லாத தெருக் குழுக்கள், புதிதாகத் தொடங்கியவர்கள் என்ன செய்வது? பதிவு பெற்ற வேறொரு அமைப்பு அவர்களுக்காகப் பணத்தைப் பெற்று, கணக்கு வைத்து, செலவுக்குப் பொறுப்பேற்கும் ஏற்பாடு அமெரிக்காவில் சாதாரணம். அப்படி ஒருவர் முன்நின்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். பல ஊர்களில் உயிரோட்டமான வேலை நடப்பது இந்தப் பதிவில்லாத குழுக்களில்தான்.

ஐந்தாம் படி: ஓட்டுச்சீட்டு

எல்லா அமைப்புக்கும் ஒரே அளவு: ஐம்பது சொல், அதற்கு மேல் இல்லை. அமைப்புகளே எழுதட்டும், குழு எழுத்துப்பிழை மட்டும் திருத்தட்டும். "சமூகத்தை மேம்படுத்துகிறோம்" என்பது போன்ற வாசகத்தைத் திருப்பி அனுப்பி, எத்தனை பேருக்கு, என்ன, எந்தத் தெருவில் என்று எழுதச் சொல்லுங்கள். படம், லோகோ வேண்டவே வேண்டாம். அழகான லோகோ வைத்திருப்பது பணக்கார அமைப்பு.

வரிசை முக்கியம். அகர வரிசையில் அச்சிட்டால் மேலே இருப்பவர்களுக்குச் சாதகம். இணைய ஓட்டில் ஒவ்வொருவருக்கும் வரிசையைக் கலைத்துக் காட்டும் வசதி இருக்கும், அதைப் போடுங்கள். காகிதச் சீட்டில் மூன்று நான்கு வரிசைகளில் அச்சிடுங்கள்.

பெயர்கள் முப்பதைத் தாண்டினால் யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள். அப்போது தேர்வுக் குழு முன்கூட்டியே சலிக்க வேண்டியிருக்கும். சலித்த காரணத்தை எழுத்தில் வைத்து, விடுபட்டவர்களுக்கு ஒரு மின்னஞ்சலாவது போடுங்கள்.

ஆறாம் படி: எண்ணும் முறை

இதுதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம். பெரும்பாலான கோ-ஆப்கள் யோசிக்காமல் எடுக்கும் முறை: ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஓர் அமைப்பு, எனவே பன்னிரண்டு டிக் போடலாம், அதிக ஓட்டு வாங்கிய பன்னிரண்டு பேர் வெற்றி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஓட்டுப் போட்டவர்களில் 60 சதவீதம் பேர் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று வைத்துக்கொள்வோம், அவர்கள் எல்லோரும் அதே பன்னிரண்டுக்கு டிக் போட்டால் பன்னிரண்டு இடமும் அவர்களுக்கே. மீதி 40 சதவீதம் பேரின் விருப்பத்துக்கு ஒரு மாதம்கூடக் கிடைக்காது.

இதைத் தடுக்க எளிய வழி, டிக் எண்ணிக்கையைக் குறைப்பது. பன்னிரண்டு இடத்துக்கு ஆளுக்கு மூன்று ஓட்டு. சின்னக் குழுவின் விருப்பமும் ஓரிரு இடத்தைப் பிடிக்கும். இன்னொரு வழி துறை வாரியாகப் பிரிப்பது: உணவு, வீட்டுவசதி, சுற்றுச்சூழல், குழந்தைகளும் கல்வியும், குடியேறியவர் நலம், ஒவ்வொன்றிலும் இத்தனை இடம். உணவுக் கடை என்பதால் உணவுக்கு நிரந்தரமாக இரண்டு மாதம் ஒதுக்குவது எனக்குச் சரியாகவே படுகிறது, பசியோடு வருபவருக்கு உணவு கொடுக்கும் அமைப்பு வருடா வருடம் ஓட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் விருப்ப வரிசை முறை, அதாவது பிடித்தவற்றுக்கு 1, 2, 3 என்று வரிசை கொடுத்து ஓட்டுப் போடுவது. மினியாபொலிஸ் நகரத் தேர்தலில் 2009 முதல் இது இருக்கிறது, பூங்கா வாரியத்தின் மூன்று பொது இடங்களுக்கு, ஒரே ஓட்டில் பல பேரைத் தேர்ந்தெடுக்கும் வடிவத்திலேயே எண்ணுகிறார்கள். அந்த ஊர் உறுப்பினருக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் எண்ணும் விதத்தை விளக்குவதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள், அங்கே மூன்று ஓட்டு முறையே போதும்.

மாதப் பணமாக இல்லாமல் மொத்த நிதியைப் பங்கிடுவதாக இருந்தால், நான் பரிந்துரைப்பது பாதி சமமாக, பாதி ஓட்டுப்படி. 20,000 டாலர், எட்டு அமைப்புகள் என்றால் முதல் 10,000-ஐச் சமமாகப் பிரித்து ஆளுக்கு 1,250. அடுத்த 10,000 ஓட்டு விகிதப்படி. 30 சதவீதம் ஓட்டு வாங்கியவருக்கு மொத்தம் 4,250, 3 சதவீதம் வாங்கியவருக்கு 1,550. முழுக்க ஓட்டுப்படி கொடுத்திருந்தால் இரண்டாமவருக்கு 600 டாலர்தான். சீட்டில் ஏறும் அளவுக்குத் தகுதி இருக்கிறது என்று நீங்களே சொன்ன அமைப்பு அது.

ஏழாம் படி: உறுப்பினரை ஓட்டுப் போட வைப்பது

கோ-ஆப் தேர்தல்களில் ஓட்டுப் பதிவு பெரும்பாலும் குறைவு. நிர்வாகக் குழுத் தேர்தலோடு சேர்த்து ஒரே சீட்டில் வைத்தால் இரண்டுக்கும் நல்லது. மின்னஞ்சல் மட்டும் போதாது. கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசை, காகிதச் சீட்டு, உறுப்பினர் எண்ணைச் சரிபார்க்க ஓர் ஆள். ஒரு உறுப்பினர் கணக்குக்கு ஒரு ஓட்டா, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒன்றா என்று உங்கள் துணைவிதிகளைப் பார்த்து முன்பே அறிவியுங்கள்.

அமைப்புகள் ஓட்டுக் கேட்கலாமா? தங்கள் மின்னஞ்சல் பட்டியலுக்கு ஒரு முறை எழுதட்டும், கடை வாசலில் நின்று கேட்க வேண்டாம். யாருக்கு எத்தனை ஓட்டு என்று பாதியில் வெளியிடவும் கூடாது, அதைப் பார்த்து முன்னணியில் இருப்பவர் பின்னாலேயே மற்றவர்கள் போவார்கள்.

ஓட்டுப் போடும் உறுப்பினராக மட்டும் இருக்கிறீர்களா? உங்களுக்கு ஒரு யோசனை: பட்டியலில் பெயரே கேள்விப்படாத மூன்று அமைப்புகளை எடுத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு டிக் போடுங்கள்.

எட்டாம் படி: பணம் போய்ச் சேர்வது

மாத முறையில் ஒரு சிக்கல் உண்டு. நவம்பர், டிசம்பரில் கடை நிரம்பி வழியும். பிப்ரவரிக்கு நாளும் குறைவு, கூட்டமும் குறைவு. குலுக்கல் போட்டு மாதத்தைக் கொடுத்தால் அதிர்ஷ்டம்தான் தொகையைத் தீர்மானிக்கும். மூன்று மாதப் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, அந்தக் காலாண்டின் மூன்று அமைப்புகளுக்கும் சமமாகப் பிரிப்பது நல்லது. தங்கள் மாதத்தில் ஆளனுப்பி கடையில் நின்று பேச அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

கவுண்டரில் நடப்பதை அசட்டையாக விடாதீர்கள். வரிசையில் பின்னால் நாலு பேர் நிற்க, ஒரு கையில் முட்டை அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே காசாளர் கேட்க வேண்டிய கேள்வி அது. அமைப்பின் பெயரும் ஒரே ஒரு வாக்கியமும் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் அவருக்கு எளிது. மாதத் தொடக்கத்தில் அந்த அமைப்பின் ஆள் ஊழியர் அறைக்கு வந்து பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனால் இன்னும் நல்லது, யாராவது இது என்ன அமைப்பு என்று கேட்டால் காசாளரால் சொல்ல முடியும். அரசின் உணவு உதவித் திட்டமான எஸ்என்ஏபி-யின் அட்டையில் பொருள் வாங்குபவரிடம் எப்படிக் கேட்பது, கேட்க வேண்டுமா என்பதையும் ஊழியர்களோடு பேசி முடிவெடுங்கள். அந்த உதவிப்பணத்தை நன்கொடைக்குப் பயன்படுத்த முடியாது, நாலு பேர் முன்னால் அவர் சங்கடப்படவும் கூடாது.

காலாண்டு முடிந்து முப்பது நாளுக்குள் பணம் போய்ச் சேரட்டும். சேர்ந்த தொகை முழுவதும் போக வேண்டும், செலவு என்று எதையும் பிடிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அமைப்பிடமிருந்து ஒரு பக்கம் கேளுங்கள்: எதற்குச் செலவானது, என்ன நடந்தது. ஒரு புகைப்படமும் நாலு வரியும் போதும். அதைக் கடைப் பலகையில் ஒட்டுங்கள், மொத்த ஓட்டு எண்ணிக்கையையும் தொகையையும் சேர்த்து.

ஜனவரியில் பணம் தொடங்க வேண்டுமென்றால் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அக்டோபரில் ஓட்டு, செப்டம்பரில் சீட்டு தயார், ஆகஸ்டில் சரிபார்ப்பு, ஜூன் ஜூலையில் விண்ணப்பம், ஏப்ரலில் விதி. முதல் வருடம் இதைவிட இரண்டு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றி பெற்ற அமைப்பு நடுவருடத்தில் மூடிவிட்டாலோ, அதன் வரிவிலக்கு ரத்தானாலோ என்ன செய்வது என்பதையும் சீட்டிலேயே அச்சிட்டுவிடுங்கள்: அதே துறையில் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய அமைப்புக்கு அந்த மாதம் போகும். இதற்காகவே முழு ஓட்டுப் பட்டியலையும், தோற்றவர்களுடையதையும் சேர்த்து, அந்த ஆண்டின் கடைசிக் காசோலை போகும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.